பாட்டை ரிஜெக்ட் பண்ணினவள்

கெட்டுப்போன ஸ்பீக்கர் எப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரகடத்தில், காருக்கு ஸ்பீக்கர் செய்கிற கம்பெனி. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடுகிற ரூம். ஸ்பீக்கரைக் கிளிப்பில் மாட்டிப் பெடலை மிதித்தால் அடிவயிற்றிலிருந்து உச்சிவரை ஒரு சத்தம் ஏறும். அதை ஸ்வீப் என்பார்கள். ஏறும்போது நடுவில் ஒரு கரகரப்பு, ஒரு டிர்ர், ஒரு உஸ் கேட்டால் சிவப்பு ஸ்டிக்கர். கேட்காவிட்டால் பச்சை. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்ததற்கு எனக்குக் கிடைத்தது இந்த ரூம்தான்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சங்கரன்கோவில் பக்கம். அந்த மாசக் கடைசியோடு என் டிரெய்னி காலம் முடிகிறது. கன்ஃபர்ம் பண்ணினால் பெர்மனென்ட். பண்ணாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு. அங்கே அத்தை மகன் ரெடியாக இருக்கிறான். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அப்போதுதான் ஒரு நாள் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார் பலராமன் சார். எங்கள் லைன் இன்ஜினியர், ஸ்ரீபெரும்புதூர்க்காரர்.

"இந்த நாப்பது பீஸும் ஸ்பெஷலும்மா. ஸ்வீப் வேணாம். கஸ்டமரே ஃபைலு குட்த்துக்கிறாரு. அத்தப் போட்டு செக் பண்ணிடு. சாயங்காலம் வண்டி வந்துரும்."

யார் கஸ்டமர், என்ன ஃபைல், எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்ல மாட்டார். கேட்டால், "உனக்கு அதெதுக்கு?" என்பார்.

முதல் ஸ்பீக்கரை மாட்டி அந்த ஃபைலைப் போட்டேன். கரகர. உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் காந்தத்தில் உரசுகிற சத்தம், அச்சு அசலாக. அதன் பின்னால் வயர் தளர்ந்த டிர்ர். அப்புறம் காற்று ஒழுகுகிற உஸ். ஒரே பீஸில் மூன்று கேடு. சிவப்பு. இரண்டாவதிலும் அதே. மூன்றாவதிலும் அதே. முந்தின வாரம்தான் பசை சரியில்லாமல் ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகியிருந்தது. இதுவும் அந்தப் பசைதான் என்று நினைத்தேன். ஆனாலும் உறுத்தியது. எல்லாம் எப்படி ஒரே இடத்தில் கரகரக்கும்? எழுந்து பலராமன் சாரிடம் போனேன்.

"சார், எல்லாமே ஒண்ணுபோலக் கத்துது. ஃபைல் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்திருங்க சார்."

அவர் காதில் போன். அதைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "ஃபைலெல்லாம் உன் வேல இல்லம்மா. கேக்க நல்லால்லன்னா ரெட்டு ஒட்டு. இன்னா புதுசா கேட்டுகினு கீற?"

ஒட்டினேன். நாற்பதுக்கும் சிவப்பு. சிவப்பு ஒட்டினால் பீஸ் கம்பிக்கூண்டுக்குள் போய்விடும். கூண்டின் சாவி மேனேஜரிடம்.

சாயங்காலம் மேனேஜர் நெல்லையப்பன் சார் வந்தார். அவர் பின்னாலேயே கஸ்டமர் வந்தான். வந்தான் என்றே எழுதுகிறேன். கசங்கிய கதர்ச் சட்டை, பார்த்துப் பார்த்து வளர்த்த தாடி, தோளில் துணிப்பை. பெயர் ஸ்ரீதர். சென்னை. வெளிநாட்டில் இசை படித்துவிட்டு வந்தவன். சனிக்கிழமை தண்டலத்தில் ஒரு காலேஜ் ஆடிட்டோரியத்தில் அவன் நிகழ்ச்சி, ஸ்பீக்கர் எங்கள் கம்பெனியின் உபயம், பேனரில் கம்பெனி பெயர் பெரிதாக வரும். இதெல்லாம் எனக்கு அப்போதுதான் தெரிகிறது.

கூண்டுக்கு முன்னால் நின்று ஒரு பீஸை மாட்டச் சொல்லிக் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இது டிஃபெக்ட் இல்லைங்க. இதுதான் என் மியூசிக்."

லைன் மொத்தமும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. நெல்லையப்பன் சாருக்கு முகம் கருத்துவிட்டது.

"ஏம்மா, காது கேக்குதா உனக்கு? பாட்டுக்கும் பழுதுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளையா அந்த ரூம்ல உக்கார வச்சிருக்கோம்? திங்கக்கிழம ஆபீசுக்கு வா. உன் காதப் பாத்துட்டு மத்தத பேசுவோம்."

நான் பலராமன் சாரைப் பார்த்தேன். அவர் தன் ஷூவைப் பார்த்தார்.

கேன்டீனுக்குப் போவதற்குள் கதை எனக்கு முன்னால் போய்விட்டது. கனகா பாட்டையே ரிஜெக்ட் பண்ணிட்டாளாம். என் பக்கத்து டேபிளில் வயர் சால்டரிங் பண்ணுகிற பாஞ்சாலி தட்டோடு வந்து உட்கார்ந்தாள். மண்ணூர்க்காரி, வாயை மூட மாட்டாள்.

"இன்னாடி, எங்க வூட்டுக்காரு ராவானா பாடுறாரு. ஒரு நாள் வந்து ரெட்டு ஒட்டிட்டுப் போயேன்."

"போடீ."

"கோச்சுக்காத. அந்தாளு நெசமாவே அத்தப் பாட்டுன்னா சொன்னான்?"

"ஆமா."

"அப்ப எங்க வூட்டு மிக்ஸிக்கு அவார்டே குடுக்கலாம்."

சனிக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்ததும் டிரெய்னிகளையும் லைன் பெண்களையும் கம்பெனி பஸ்ஸில் ஏற்றினார்கள். நிகழ்ச்சிக்கு ஆள் வராது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நாங்கள் போய் நாற்காலியை நிரப்ப வேண்டும். யூனிஃபார்மை மாற்றக்கூட விடவில்லை. முன் வரிசையில் சென்னையிலிருந்து காரில் வந்தவர்கள். அவர்களோடு நெல்லையப்பன் சார், கழுத்தில் சால்வை. நாங்கள் பின்னால்.

மேடையில் ஆள் இல்லை. வாத்தியம் இல்லை. சுவரோரமெல்லாம் ஸ்டாண்ட் வைத்து, நான் சிவப்பு ஒட்டிய நாற்பது ஸ்பீக்கரும் எங்களைச் சுற்றி நின்றன. நடுவில் ஒரு மேசை, அதன் பின்னால் ஸ்ரீதர். எலெக்ட்ரோ அக்கூஸ்டிக் என்று ஏதோ சொன்னான். மைக்கில் எடுத்த சத்தங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி, நீட்டி, ஒட்டிச் செய்கிற இசை, கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம் என்றான். லைட் அணைந்தது.

"கரண்ட் கட்டா?" என்றாள் பாஞ்சாலி. அந்த வருஷம் ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு, தினமும் மணிக்கணக்கில் மின்வெட்டு. யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பின்வரிசை முழுக்கச் சிரிப்பு.

ஆரம்பித்தது. கரகர. என் விரல் மடியில் ஸ்டிக்கரைத் தேடியது. சத்தியமாகத் தேடியது. வலது பக்கம் மூன்றாவது ஸ்டாண்ட், சிவப்பு. அதற்கடுத்தது, சிவப்பு. நான் அந்த ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ரிஜெக்ட் பண்ணிக்கொண்டிருந்தேன். இவனையும் சேர்த்துத்தான்.

அப்போது அந்தக் கரகரப்பு நகர்ந்தது.

இதைச் சரியாகச் சொல்ல வேண்டும். பழுது நகராது. எந்த ஸ்பீக்கரில் இருக்கிறதோ அங்கேயே கிடந்து கத்தும். இது நடந்தது. மூன்றாவது ஸ்டாண்டிலிருந்து நான்காவதற்குப் போனது. போகும்போது கொஞ்சம் மெலிந்தது. சுவரோரமாகவே ஊர்ந்து எங்களுக்குப் பின்னால் வந்தது. கூடவே அந்த டிர்ர் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, விலகி, வெங்கலப் பானைக்குள் மணலைப் போட்டு உருட்டுகிற மாதிரி ஆகி, அதற்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு உஸ் எழும்பி என் தலைக்கு மேலே போனது. தலைக்கு மேல் ஸ்பீக்கரே கிடையாது. எனக்குக் கையில் மயிர் நின்றது.

பரவசம் எல்லாம் இல்லை. கோபம் வந்தது. அடப்பாவிகளா. இதைத்தானே நான் இரண்டு வருஷமாகக் கூண்டில் போட்டுப் பூட்டினேன். ஒரு சத்தத்துக்கு அரை விநாடி. அதற்குள் நல்லதா கெட்டதா என்று சொல்லியாக வேண்டும். அதற்கு மேல் கேட்டால் லைன் நின்றுவிடும். ஒரு கரகரப்புக்குள் இத்தனை இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. காலேஜிலும் சொன்னதில்லை. பிசிக்ஸ் புத்தகத்தில் சத்தம் என்றால் ஒரு வளைந்த கோடு.

கடைசியில் எல்லாச் சத்தமும் ஒன்றொன்றாகக் கழன்று, அந்த முதல் கரகரப்பு மட்டும் தனியாக என் பின்மண்டைக்கு வந்து நின்றது. தேய்ந்துகொண்டே போனது. நான் மூச்சை நிறுத்திக்கொண்டு அதன் பின்னாலேயே போனேன். படாரென்று நிறுத்திவிட்டான். லைட் வந்துவிட்டது. முன் வரிசை கை தட்டியது.

"முடிஞ்ச்சா?" என்றாள் பாஞ்சாலி, கண்ணைத் தேய்த்துக்கொண்டு. "நல்லாத்தான் தூக்கம் வருது."

ஸ்ரீதர் மைக்கைப் பிடித்தான். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ்.

"ஒரு சின்ன விஷயம் சொல்லணும். இந்த ஸ்பீக்கர்களை டெஸ்ட் பண்ணின பொண்ணு என் மியூசிக்கைக் கேட்டுட்டு எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. எனக்குக் கிடைச்ச பெஸ்ட் ரிவ்யூ இதுதான்!"

ஹாலே சிரித்தது. "இங்க இருக்காங்களா?" என்று கேட்டான். நெல்லையப்பன் சார் திரும்பிக் கையை நீட்டி என்னைக் காட்டினார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. யூனிஃபார்மோடு. தட்டினார்கள்.

"சார்," என்றேன். எனக்கு மைக் தேவைப்படவில்லை. "உங்களுக்குப் பெஸ்ட் ரிவ்யூ. எனக்குத் திங்கக்கிழமை விசாரணை. இந்தப் பாட்ட வச்சு ஸ்பீக்கர் டெஸ்ட் பண்ண முடியாதுன்னு எங்க மேனேஜர்ட்ட சொல்லுங்க. முன்னாலதான் உக்காந்திருக்காரு."

சிரிப்பு நின்றது. ஸ்ரீதர், "ஷ்யூர், ஷ்யூர், பேசலாம்," என்று சொல்லிவிட்டு, அடுத்து அவனுக்குச் சால்வை போட வேண்டியவரை மேடைக்குக் கூப்பிட்டான். பாஞ்சாலி என் துப்பட்டாவை இழுத்து உட்கார வைத்தாள்.

"உன் வாயில தீய வைக்க," என்றாள். ஆனால் என் கையை விடவில்லை.

திங்கட்கிழமை ஆபீசில் நெல்லையப்பன் சார், பலராமன் சார், மேசைமேல் பத்து ஸ்பீக்கர். நான் எதிலெல்லாம் பழுது என்று சொல்ல வேண்டும். ஸ்வீப் போட்டார்கள். நான்கு என்று எடுத்து வைத்தேன். பலராமன் சார் ஒவ்வொன்றையும் திருப்பி அடியில் போட்டிருந்த குறியைப் பார்த்தார்.

"கரெக்ட் சார். நாலுதான்."

"அப்ப காது சரியாத்தான் இருக்கு," என்றார் நெல்லையப்பன் சார். "அப்ப அன்னைக்கு நடந்தது கவனக்குறைவு."

"நான் கேட்டேன் சார். ஃபைல் சரியான்னு இவர்ட்ட போய்க் கேட்டேன். ரெட் ஒட்டுன்னு சொன்னது இவரு."

"எப்போம்மா? எனக்கு அப்டி ஒண்ணும் நெனப்பில்லயே," என்றார் பலராமன் சார். குரல் நடுங்கக்கூட இல்லை.

"போன்ல பேசிக்கிட்டு இருந்தீங்க. பொத்திக்கிட்டுச் சொன்னீங்க."

"சரி, விடு," என்று நெல்லையப்பன் சார் கையை உயர்த்தினார். குரலைத் தணித்துக்கொண்டார். "நீ நம்ம பக்கத்துப் பிள்ள. உன்ன அனுப்பிச்சா எனக்கென்ன கெடைக்கப் போவுது? ஹால்ல அத்தன பேர் முன்னால கெஸ்ட்ட எதுத்துப் பேசிட்ட. அவர்ட்ட ஒரு வார்த்த, மன்னிச்சிருங்கன்னு சொல்லு. கன்ஃபர்மேஷன்ல கையெழுத்துப் போட்டுருதேன். அவ்வளவுதான்."

போனில் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை ஆன் பண்ணி மேசைமேல் வைத்தார். இரண்டு ரிங்கில் எடுத்துவிட்டான். விஷயத்தைக் கேட்டதும் அதே சிரிப்பு.

"ஐயோ, மன்னிப்பெல்லாம் எதுக்குங்க? நான் எங்க போனாலும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். க்யூட்டான ஸ்டோரி."

நெல்லையப்பன் சார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், சொல்லு என்று. வாயில் அந்த வார்த்தை தயாராகத்தான் இருந்தது. க்யூட் என்று கேட்டதும் போய்விட்டது.

"மன்னிப்புக் கேக்கல சார். ஒண்ணு சொல்லணும். கடைசில அந்தக் கரகரப்பு தனியா எங்களுக்குப் பின்னால வந்து தேஞ்சுச்சுல்லா? அத நீங்க அறுத்துட்டீங்க."

"என்னது?"

"அது இன்னும் சாகல. உசிரோட இருந்துச்சு. நான் அதுகூடவே போயிட்டு இருந்தேன். கை தட்டுவாங்கன்னு அவசரப்பட்டு நிறுத்திட்டீங்க. அது தப்பு."

போனில் லேசான உஸ் மட்டும். அப்புறம் அவன் கேட்டான். சிரிப்பு போன குரல் வேறு மாதிரி இருந்தது.

"நீங்க எந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க? இடது பக்கமா, இல்ல..."

நெல்லையப்பன் சார் போனை அணைத்தார்.

"காது சரியா இருக்கு," என்றார். "வாய்தான் சரியில்ல. ஆறு மாசம் எக்ஸ்டென்ஷன். டிரெய்னியாவே இரு. அப்பவும் வாய் இப்பிடியே இருந்தா ஊருக்கு வண்டி ஏறு."

பலராமன் சார் எனக்காகக் கதவைத் திறந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை.

ரூமுக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். டிரேயில் புது லாட் வந்து காத்திருந்தது. முதல் பீஸை மாட்டினேன். சுத்தம். பச்சை. அடுத்தது பச்சை. ஐந்தாவதோ ஆறாவதோ, நடுவில் கரகரத்தது. நல்ல உரசல். அரை விநாடியில் தெரிந்துவிட்டது. சிவப்பு ஸ்டிக்கரைப் பிய்த்து விரல் நுனியில் வைத்துக்கொண்டேன்.

ஒட்டவில்லை. பெடலை மறுபடி மிதித்தேன். அது எங்கே தொடங்குகிறது, எங்கே தடிக்கிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று கேட்டேன். மறுபடி மிதித்தேன். வெளியே லைன் நின்றிருக்க வேண்டும். பலராமன் சார் கதவைத் தட்டினார்.

தட்டட்டும். இது முடியட்டும்.