ஜீப்புக்கு நல்ல தண்ணி

எங்கள் வீட்டு வாசலில் மூன்று வருஷமாக ஒரு ஜீப் நின்றது. நின்றது என்று சொல்வதே அதற்குப் பெரிய மரியாதை. முதல் வருஷம் முழுக்க அது நாலு செங்கல் அடுக்கின் மேல் வெறும் எலும்பாகக் கிடந்தது. அதற்காகத் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்தேன், கோழிக்கூண்டை நகர்த்தினேன், நான் வைத்த செம்பருத்தியை வெட்டினேன். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். எங்கள் வீட்டில் ஜீப்பும் அசையாமல்தான் தின்றது.

என் வீட்டுக்காரர் ஜெயசீலன் உப்பு லாரி ஓட்டினவர். மரக்காணத்து உப்பளங்களில் லோடு ஏற்றி இருபது வருஷம் ஊர் ஊராகப் போய் வந்தவர். கீழ்புத்துப்பட்டு தாண்டி ஒரு விடியற்காலை, குறுக்கே வந்த வேனுக்கு ஒதுங்கி லாரியைப் பள்ளத்தில் விட்டார். இடது கால் முட்டிக்குக் கீழே நசுங்கியது. டாக்டர்கள் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் அது மடங்காது, பாதத்தில் பலமும் இல்லை. கிளட்ச் மிதிக்க அந்தக் கால்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் எங்கள் கேட்டைத் தாண்டி நடக்கவில்லை. டாக்டரிடம் போக வேண்டுமென்றால் ஆட்டோ வாசலுக்குள் வர வேண்டும். சர்ச்சுக்குக் கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி இருப்பார். கம்பு ஊன்றி இழுத்து இழுத்து நடப்பதைத் தெரு பார்க்கக் கூடாதாம். இருபது வருஷம் உயரத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் ஹாரன் அடித்தவர் அல்லவா. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடப்பார். ஒரு சண்டை கிடையாது, ஒரு அதட்டல் கிடையாது. குழம்பில் உப்பு கூடினால்கூட "பரவால்ல" என்று சொல்லிச் சாப்பிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜீப், நான் உப்பு சுமக்கிற அளத்தின் முதலாளி வெங்கடாசலத்துடையது. மழைக்காலத்தில் அளத்து வழியில் சேற்றில் மாட்டுகிற லாரிகளை இழுப்பதற்கென்றே வைத்திருந்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. டிராக்டர் வந்த பிறகு ஷெட்டில் போட்டுவிட்டார். துருப்பிடித்து, சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. என் வீட்டுக்காரரைப் பார்க்க வந்தவர், "ஏம்பா, அத்த எடுத்துக்கோ. நான் அத்த வச்சி இன்னா பண்ணப் போறேன்" என்றார். அன்றைக்கு அவருக்குக் கை கூப்பி நன்றி சொன்னேன். அதற்கப்புறம் மூன்று வருஷம் தினமும் திட்டினேன்.

ஆனால் ஜீப் வந்த மறுநாள் இவர் கட்டிலை விட்டு எழுந்தார். அதையும் சொல்ல வேண்டும்.

காலால் மிதிக்காமல் கையால் ஓட்டுகிற மாதிரி அதை மாற்றப் போவதாகச் சொன்னார். கியர் கம்பியோடு சேர்த்து ஒரு இரும்புப் பிடி. பிடியை அழுத்தினால் கிளட்ச் இறங்கும், அதே கையால் கியரையும் தள்ளலாம். பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் வலது கால் இருக்கிறது. போனில் வீடியோ பார்த்தார், பழைய நோட்டில் படம் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். இந்த ஒரு பிடிக்காக எட்டு மாசம் போனது. முதலில் செய்ததை என்னிடம் கொடுத்து அழுத்தச் சொன்னார். இரண்டு கையாலும் அழுத்தினேன், அசையவில்லை.

"உப்பு தூக்குற கை. உனக்கே வரலன்னா இது வேலைக்கு ஆவாது" என்றார். ஒரு பழைய காரிலிருந்து, மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கிற பிரேக் பூஸ்டரை வாங்கி இடையில் மாட்டினார். அதற்கப்புறம் என் ஒரு கைக்கே பிடி இறங்கியது. அன்றைக்கு அவர் சிரித்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்த ஞாபகம் எனக்கு இல்லை.

சிரிப்பு அவருக்கு, இடுப்பு வலி எனக்கு. விடிவதற்கு முன்னால் அளத்துக்குப் போய் வெயில் ஏறும்வரை கூடையில் உப்பு சுமப்பேன். வந்து சோறு வடிப்பேன். கொஞ்சம் கால் நீட்டலாம் என்று உட்கார்ந்தால் வண்டிக்கு அடியிலிருந்து குரல் வரும். "செல்வி, பன்னெண்டு பதிமூணு குடு." எந்த ஸ்பானர் எந்த நட்டுக்கு என்று எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. மகள் புதுச்சேரி ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தவள் என் நகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மெக்கானிக் கடையில சேந்துட்டியா?" என்று கேட்டாள். சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இரண்டு தண்ணீர் உண்டு. போர்வெல்லில் வருவது உப்பு. குளிப்பது, துவைப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அதில்தான். தெருக்குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வருவது நல்ல தண்ணி. வீட்டுக்கு நாலு குடம் என்று நாங்களே பேசி வைத்துக்கொண்ட கணக்கு. அந்த நாலு குடம் குடிக்கவும் உலை வைக்கவும். சின்ன வயசில் நல்ல தண்ணியில் கை கழுவினதற்கு அம்மா என் முதுகில் வைத்த அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

முதல் வருஷம் ஆடி மாசம். சேஸில் இருந்த துருவையெல்லாம் கிரைண்டரும் கம்பி பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து இரும்பை வெள்ளையாக்கி வைத்திருந்தார். வண்டியின் முதுகெலும்பு அதுதான். அந்த நீளச் சட்டம் உள்ளே பொந்து. பொந்துக்குள் பழைய சேறு அடைந்து கிடந்தது. அவரால் குனிந்து கழுவ முடியாது. "உள்ள நல்லா ஊத்திக் கழுவி வுடு. நல்ல தண்ணியில கழுவு. போர் தண்ணி படவே கூடாது. அப்பால நான் பிரைமர் அடிச்சிர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார்.

அன்றைக்குத்தான் நாலு குடம் பிடித்து வந்திருந்தேன். அளத்திலிருந்து வந்த கால் வெடிப்பு எரிகிறது. நாலு குடத்தையும் பார்த்தேன், இரும்பையும் பார்த்தேன். குடிக்கிற தண்ணியைக் கொண்டுபோய் இரும்பில் ஊற்றுவதா? கை வரவே இல்லை. போர் மோட்டாரைப் போட்டு பக்கெட் பக்கெட்டாக ஊற்றினேன். தண்ணீர்தானே, காய்ந்தால் போச்சு என்று நினைத்தேன். உப்பளத்தில் பிறந்து, உப்பு தின்று போட்ட மண்வெட்டிகளை வருஷா வருஷம் பார்க்கிறவள் நான். எனக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை.

"ஆச்சா? நல்ல தண்ணிதானே?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. அவர் பிரைமர் அடித்தார், கறுப்புப் பெயிண்ட் அடித்தார், ஆட்கள் வந்து மேலே பாடியை ஏற்றினார்கள். இரண்டு மழைக்காலம் போனது. நானும் அதை மறந்துபோனேன்.

இந்த மாசி மாசம் எல்லாம் முடிந்துவிட்டது. இன்ஜின் ஓடியது. பிடி வேலை செய்தது. சக்கரத்தைக் கழற்றி பிரேக்கை ஒருமுறை பார்த்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தெருவில் இறக்கலாம் என்றார். "சர்ச்சுக்கே ஓட்டிக்கினு போறேன், நீ பக்கத்துல உக்காரு" என்றார். எந்தப் புடவை கட்டுவது என்றுகூட நான் யோசித்து வைத்துவிட்டேன்.

வெல்டிங் வேலை செய்கிற அய்யனார் வந்து சேஸுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினான். வண்டி மேலே வரவில்லை. நமுத்த அப்பளத்தை நெரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஜாக்கியின் தலை சேஸுக்குள் போய்விட்டது. அய்யனார் சுத்தியலால் அந்த நீளம் முழுக்கத் தட்டிப் பார்த்தான். தட்டின இடத்திலெல்லாம் சிவப்பாக உதிர்ந்தது.

"அண்ணே, வெளிய பெயிண்ட் அப்படியே இருக்குது. உள்ள தின்னுடுச்சி" என்றான். "இதும்மேல வண்டி ஓட்டக் கூடாதுண்ணே. நடுவுல உக்காந்துடும்."

இவர் உதிர்ந்த துருவைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சரியா காய வைக்கல. பிரைமரும் சரியா அடிக்கல" என்றார். "இந்தக் கைக்கு இனிமே ஒண்ணும் வராது அய்யனாரு. காயலான் கடைக்காரன் நம்பர் இருந்தா வரச் சொல்லிடு."

போய்க் கட்டிலில் படுத்தார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் படுத்த அதே இடம், அதே பக்கம்.

நான் அங்கேயே நின்றேன். எட்டு பக்கெட் தண்ணீரும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரியும். வண்டியைத் தூக்கிப்போடட்டும், எனக்கு என் கொடி கட்ட இடம் கிடைக்கும். ஆனால் இந்த மனுஷன் தன் கையைத் தூக்கிப்போட்டுவிட்டார். சட்டை பட்டனைப் போடக்கூட "நீ போடு" என்றார். குழம்பில் வேண்டுமென்றே இரண்டு கை உப்பைப் போட்டேன். "பரவால்ல" என்று தின்றார். ஒரு கால் போய், கையும் போய், இவரை நான் என்னவென்று வைத்துக்கொள்வது?

காயலான் கடைக்காரன் மறுநாள் வருவதாக இருந்தது. அன்று சாயங்காலம் டீயைக் கொடுத்துவிட்டு கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"ஏங்க, உங்க பிரைமர் சரியாத்தான் இருந்திச்சி. நான்தான் போர் தண்ணியில கழுவுனேன்."

அவர் திரும்பவில்லை. காதில் விழவில்லையோ என்று மறுபடியும் சொன்னேன். மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"நல்ல தண்ணின்னு சொன்னியே."

"பொய் சொன்னேங்க. நாலு குடத்தையும் இரும்புல ஊத்த மனசு வரல."

"எத்தினி பக்கெட்டு?"

"எட்டு."

"உள்ளயுமா?"

"உள்ளதான் ஜாஸ்தி."

டீ டம்ளர் சுவரில் போய் அடித்தது. பிறகு அவர் கத்தினார். மூன்று வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. லாரி ஓட்டுகிறவன் குரல், தெருக்கோடிக்குக் கேட்கும். "மூணு வருஷம்டி" என்றார். "மூணு வருஷம் வெயிலு, மழ. நான் என் கையத்தான்டி சந்தேகப்பட்டேன். ராவு பூரா படுத்துக்கினு எந்த எடத்துல வுட்டேன், எந்த எடத்துல வுட்டேன்னு தேடுறேன். நீ பாத்துக்கினு நிக்கிற." பக்கத்து வீட்டு பாஞ்சாலை சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

"தெரியும். அதனாலதான் சொன்னேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது. திட்டு வாங்கினதால் வந்த அழுகை பாதி. இன்னொரு பாதி, அவர் கத்தினாரே என்று வந்தது. உப்பைத் தின்றவள் தண்ணி குடித்துத்தான் ஆக வேண்டும். எனக்கு அது அவ்வளவு கஷ்டமாகக்கூட இல்லை.

அவர் சாப்பிடவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இருட்டுகிறவரை சேஸில் சுத்தியல் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தட்டுவார், நிற்பார், சாக்பீஸால் கோடு போடுவார். மறுநாள் காயலான் கடைக்காரன் தராசோடு வந்தான். "அய்யனாரு தெரியாம சொல்லிட்டான்பா, நீ போ" என்று அனுப்பிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டை பட்டனை அவரே போட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த நாள் தண்ணீர் வரும் நாள். அளத்துக்கு லீவு சொல்லியிருந்தேன், இடுப்பு கேட்கவில்லை. எழுந்து பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை, கேட் திறந்து கிடக்கிறது, மூலையில் அடுக்கி வைத்த குடங்களில் ஒன்று குறைகிறது. மீதிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

குழாயடியில் எல்லாம் பொம்பளைகள். நடுவில் இவர் ஒரு ஆள், லுங்கியும் கம்புமாக நிற்கிறார். இடுப்புக்கும் கைக்கும் நடுவில் குடத்தைச் செருகிப் பிடித்திருக்கிறார். வேர்த்து ஊற்றுகிறது. எங்கள் வீட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் பதினோரு வீடு. அத்தனை வீட்டு வாசலையும் தாண்டி அந்தக் காலை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"இன்னா செல்வி, அண்ணன் வந்துட்டாரு?" என்று பாஞ்சாலை கேட்டாள்.

"ஜீப்புக்கு" என்றார் இவர், என்னைப் பார்க்காமல். "கீழ் சட்டத்த அறுத்துட்டு புதுசா வச்சி அடிக்கணும். கழுவ ரெண்டு குடம் வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. பாஞ்சாலை நகர்ந்து வழிவிட்டாள், அவர் வேண்டாம் என்று தன் முறைக்கு நின்றார். முறை வந்ததும் குடத்தை நிரப்பினார். நிரம்பின குடத்தைக் குனிந்து பார்த்தார், கம்பைப் பார்த்தார். ஒரு கையால் அதைத் தூக்க முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னைக் கேட்க மட்டும் மாட்டார்.

நான் போய் அந்தக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். வழி நெடுக அவர் என் பின்னாலேயே காலை இழுத்து இழுத்து வந்தார், அந்தத் தண்ணியை நான் எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறேன் என்று பார்த்துக்கொண்டே.