நூற்று எழுபத்திரண்டு பின்

ஆயிரத்து அறுநூற்று முப்பத்து நான்கு ரூபாய். நான் பட்டறைக்குக் கொடுக்க வேண்டிய தொகை என்று கணக்கர் பகலவன் சொன்னது அது. நான் ஒரு பைசா கைமாற்றுக்கூட வாங்கியவன் இல்லை. நூற்று எழுபத்திரண்டு பின் காணோம், ஒரு பின் ஒன்பதரை ரூபாய், பெருக்கிப் பார் என்றார். எனக்குப் பெருக்கத் தெரியாது. அப்போது என் கூலி நாளுக்குப் பதினான்கு ரூபாய்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து திருநாவலூர் போகிற வழியில் கொளஞ்சியப்பன் முதலாளியின் பட்டறை இருந்தது. நாலு லேத், ஒரு கிரைண்டிங் மிஷின். லாரிக்கு அடியில் பாரம் தாங்குகிற கமான் பட்டையைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்துகிற பின்னைத்தான் அங்கே கடைந்தோம். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமன், நீளம் ஒரு சாணுக்குள் அடங்கும். மெட்ராசில் ஒரு கம்பெனி மொத்தமாக வாங்கிக்கொண்டது.

மூன்று வருஷம் அங்கே லேத்தில் உதிர்கிற இரும்புச் சுருள் அள்ளினேன். எண்பத்தேழாம் வருஷம் வைகாசியில் என்னைக் கடைசிச் சோதனைக்கு உட்கார வைத்தார்கள். அந்த வேலைக்கு எழுத்து வேண்டியதில்லை. இரண்டு எஃகு வளையம் கொடுத்திருந்தார்கள். ஒன்றில் பின் நுழைய வேண்டும், மற்றதில் நுழையக் கூடாது. முதல் வளையத்தில் நுழையாவிட்டால் பருமன், திரும்பவும் கிரைண்டிங்குக்குப் போகும். இரண்டாவதில் நுழைந்துவிட்டால் மெலிவு, பழைய இரும்புக் குவியலுக்குப் போகும். இரண்டும் சரியாக இருந்து, மேலே கீறலோ குழியோ இல்லாமல் இருந்தால் என் வலப்பக்கத்து மரப்பெட்டிக்குள் விழும். பெட்டிக்கு ஐம்பது. பச்சையம்மாள் எண்ணெய்த் தாள் சுற்றி அடுக்கி மூடியில் ஆணி அடிப்பாள். வெள்ளிமலைப் பக்கத்துப் பெண், கல்யாணமாகிக் கீழே வந்தவள்.

மூன்று மாதம் கழித்துச் சரக்கைச் சரிபார்த்தபோதுதான் குறைவு தெரிந்தது. லேத்தில் ஆன எண்ணிக்கை இவ்வளவு, தள்ளுபடி இவ்வளவு, அனுப்பிய பெட்டி இவ்வளவு, மிச்சம் இவ்வளவு இருக்க வேண்டும், இல்லை. கடைசியாகப் பின்னைத் தொடுகிற கை என்னுடையது. அதனால் என் தலையில் எழுதினார்கள். சனிக்கிழமைக் கூலியில் வாரம் இருபது ரூபாய் பிடித்தம். இன்னொரு முறை குறைந்தால் வேலையைவிட்டு நிறுத்திவிட்டுப் போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து சாயங்காலம் வாசலில் வாட்ச்மேன் பாவாடை என் தூக்குவாளியைத் திறந்து பார்ப்பான். அவனும் நானும் ஒரே தெரு.

"தப்பா நெனச்சிக்காத அம்மாசி. மேல இருந்து சொல்லிக்கீறாங்க" என்பான். ஆள் கூட்டம் இருந்தால் வேறு மாதிரி பேசுவான். "நட, நட. வயித்துக்குள்ள எதுனா கணகணன்னு சத்தம் வருதான்னு கேக்கணும்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். வீட்டில் என் மனைவி செல்லியம்மாள் மட்டும் ஒருநாள், "நெசமா எடுக்கலதானே?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.

புரட்டாசி பிறந்த அன்றைக்குச் சாலை மறியல் தொடங்கியது. எங்கள் சாதிக்கு வேலையிலும் படிப்பிலும் இருபது சதவீதம் தனியாக வேண்டும் என்று கேட்டு ஒரு வாரத்துக்கு ரோட்டை மறிப்பது என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் தெருவில் பாதி ஆம்பிளைகள் அதில் போய் நின்றார்கள். செல்லியம்மாளின் தம்பி கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு புளியமரத்தை வெட்டி ரோட்டில் சாய்க்கப் போனான். நானும் வருவேன் என்று சொல்லித்தான் வைத்திருந்தேன். ஆனால் பிடித்தம் போகக் கையில் வருவதில் ஒருநாள் கூலி போனாலும் அடுப்பு எரியாது. அதனால் பட்டறைக்குத்தான் நடந்தேன்.

அன்று விடியற்காலையில் நாற்பது பெட்டி ஏற்றிக்கொண்டு லாரி மெட்ராசுக்குக் கிளம்பியிருந்தது. விழுப்புரம் போய்ச் சேரவில்லை. முன்னாலும் பின்னாலும் மரம் விழுந்து நடுவில் மாட்டிக்கொண்டது. இரண்டு ராத்திரி மழை. மூன்றாம் நாள் டிரைவர் ஏரிக்கரை வழியாகச் சுற்றி லாரியைப் பட்டறைக்கே திருப்பிக்கொண்டு வந்தார். தார்ப்பாய் கிழிந்து பெட்டியெல்லாம் ஊறிப் போயிருந்தது.

பஸ் இல்லாததால் வேலைக்கு ஆள் வரவில்லை. பகலவன் கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் தாண்டி வர வேண்டியவர், அவரும் வரவில்லை. உள்ளே இருந்தது முதலாளி, நான், பச்சையம்மாள் மூன்று பேர்தான். முதலாளி ஒரு மூடியை நெம்பித் திறந்து பார்த்தார். தாள் நனைந்து பின்னின்மேல் செம்பழுப்பாகத் துரு.

"இப்படியே அனுப்புனா மொத்தத்தையும் திருப்பி அனுப்புவான்" என்றார். "எல்லாத்தயும் பிரிங்க. மண்ணெண்ணெயில தொடச்சி மறுபடியும் வளையத்துல வுட்டுப் பாரு. ரோடு தொறக்கறதுக்குள்ள முடிக்கணும்."

எண்ணிக்கையை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முதல் பெட்டியைக் கவிழ்த்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். அடுத்த பெட்டியை எண்ணினார். மூன்றாவதை எண்ணி முடித்தபோது முகம் மாறியிருந்தது.

"அம்மாசி, இங்க வா. பெட்டிக்கு எத்தினி?"

"அம்பதுங்க மொதலாளி."

"இதுல அம்பத்தொண்ணு. அதுலயும் அம்பத்தொண்ணு. இன்னா இது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமல் நின்றதே குற்றம் போல ஆகிவிட்டது.

"எடுத்துக்கினு போனத பயந்துபோய்த் திரும்பக் கொண்டாந்து பெட்டிக்கு ஒண்ணா போட்டியா? நேரா எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா மன்னிச்சி வுட்டிருப்பேன்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் எப்படி இல்லை என்று சொல்வது? பின் கண்ணெதிரே கிடக்கிறது. இனி இந்த வேலை இல்லை, தெருவிலும் தலை நிமிர முடியாது என்று நினைத்தேன்.

பச்சையம்மாள் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"மொதலாளி, அவரு பெட்டி போடும்போது பக்கத்துலயே நான்தானே ஒக்காந்துக்கினு இருக்கேன். எதுவும் கொண்டாந்து போடல. அண்ணே, நீ எப்பவும் எண்ற மாதிரி இப்ப ஒருக்கா எண்ணிக் காட்டு."

நான் உட்கார்ந்தேன். பின்னை எடுத்து முதல் வளையத்தில் விட்டு, இரண்டாவதில் வைத்துப் பார்த்து, பெட்டிக்குள் போட்டேன்.

"லாபம்" என்றேன். அடுத்ததைப் போட்டேன். "ஒண்ணு." அதற்கடுத்து, "ரெண்டு."

"நில்லு" என்றார் முதலாளி.

"அதான், அந்த மொதல்ல சொல்றது" என்றாள் பச்சையம்மாள். "மூணு மாசமா கேக்கறேன். ஏதோ சாமி பேரச் சொல்லிட்டு ஆரம்பிக்கறாருன்னு வுட்டுட்டேன். எங்க மலையில அந்த மாதிரி சொல்றதில்ல."

பட்டறைக்கு வருவதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வருஷம் நான் களத்தில் நெல் அளந்தவன். மரக்கால் பிடித்தால் முதல் அளவைக்கு ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம். பல களத்தில் அந்த லாபமேதான் ஒன்று, அடுத்தது இரண்டு. நான் அளந்த களத்தில் முதல் மரக்கால் சாமிக்கு. அதைத் தனியாகக் கொட்டிவிட்டு அடுத்ததிலிருந்துதான் ஒன்று. கைக்கும் வாய்க்கும் அதுவே பழகிவிட்டது. பின்னைப் போடும்போது என் நினைப்பெல்லாம் வளையத்திலும் கீறலிலும்தான் இருந்தது. வாய் தன் பாட்டுக்கு எண்ணியது.

இதைச் சொன்னேன். முதலாளியும் விவசாய வீட்டுப் பிள்ளைதான்.

"எங்க களத்துல லாபம்னா ஒண்ணுதான்யா."

"எங்க களத்துல அது கணக்குல வராதுங்க."

"அப்ப மூணு மாசமா மெட்ராஸ் கம்பெனிக்காரனுக்குச் சாமி பங்கு அளந்து வுட்டுக்கினு இருந்திருக்கே."

பச்சையம்மாள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளி எழுந்துபோய் அனுப்பிய சரக்கின் நோட்டை எடுத்து வந்து பக்கம் பக்கமாகக் கூட்டினார். சரிபார்த்த நாள்வரைக்கும் போன பெட்டி நூற்று எழுபத்திரண்டு. காணாமல் போன பின்னும் அதே நூற்று எழுபத்திரண்டு. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"திருடலன்றது தெரிஞ்சிபோச்சு. நான் சொன்னத மனசுல வச்சிக்காத" என்றார். பிறகு, "ஆனா பின்னு போனது போனதுதான். கம்பெனிக்காரன் ஒத்துக்கினு பணம் குடுத்தாத்தான் உன் பாக்கிய அடிக்க முடியும். இல்லன்னா உன் கைத்தப்புக்கு நீதான் கட்டணும். பட்டறையும் பேங்குக் கடன்லதான் ஓடுது" என்றார்.

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? தப்பு என்னுடையதுதான்.

அடுத்த இரண்டு நாளும் வேலை செய்த மாதிரி நான் அதற்கு முன் செய்ததில்லை. இரண்டாயிரத்து நாற்பது பின். மண்ணெண்ணெய் பட்டு விரலெல்லாம் வெடித்தது. கடை ஒன்றும் திறக்கவில்லை. மலையிலிருந்து போன மாதம் வந்த சாமையைப் பச்சையம்மாள் சோறாக்கிக் கொண்டுவந்தாள், மூன்று பேரும் சாப்பிட்டோம். இருபத்து மூன்று பின்னில் துரு தோல் தாண்டி உள்ளே இறங்கிக் குழி விழுந்திருந்தது. எடுத்துத் தனியே வைத்தேன்.

"எமரி பேப்பர் போட்டுத் தேச்சா போயிடும். எதுக்குத் தள்ளறே?" என்றார் முதலாளி.

ஒன்றைத் தேய்த்துக் காட்டினேன். குழி மறைந்தது. ஆனால் நுழையக் கூடாத வளையத்தில் பின் வழுக்கிக்கொண்டு நுழைந்தது.

"மெலிஞ்சிடுதுங்க. லாரிக்கு அடியில நிக்கிற பின்னு."

"இருபத்து மூணு பின்னு. இன்னொரு எரநூறு ரூபா. ஒங்கிட்ட இருக்கற பாக்கி தெரிஞ்சும் தள்ளறே பாரு."

"பாக்கிக்கும் வளையத்துக்கும் சம்பந்தம் இல்லிங்களே."

நான் தள்ளியதை முதலாளி தானே பழைய இரும்புக் குவியலில் கொண்டுபோய்க் கொட்டினார். பெட்டிகளை மறுபடி கட்டும்போது பார்த்தால், பெட்டிக்கு ஒன்றாக இருந்த நாற்பது உபரியில் இருபத்து மூன்று அந்தக் குறைக்கு ஈடாகப் போய், நாற்பது பெட்டியும் ஐம்பது ஐம்பதாக நிறைந்து, பதினேழு மிச்சமும் வந்தது. லேத் ஓட்ட ஆளில்லாத வாரம் அது. "உன் தப்பே நம்மளக் காப்பாத்திச்சு போ" என்று முதலாளி முதல்முறையாகச் சிரித்தார்.

வாரம் முடிந்து ரோடு திறந்தது. லாரியோடு கம்பெனிக்கு ஒரு கடிதமும் போனது. பாவாடை என் தூக்குவாளியைத் திறப்பதை நிறுத்திவிட்டான். "மலைக்காரப் பொண்ணு எல்லாத்தயும் சொல்லிச்சு. நான் பேசினதயெல்லாம் வுட்டுடு" என்றான். விட்டுவிட்டேன் என்று சொன்னேன். முழுதாக விடக் கொஞ்ச நாள் ஆனது.

பிடித்தம் மட்டும் நிற்கவில்லை. மறியலுக்கு முன்னால் மூன்று சனிக்கிழமை, பிறகு மூன்று சனிக்கிழமை. மெட்ராசில் இருக்கிறவன் வந்த சரக்கு கூடுதல் என்று எதற்கு ஒப்புக்கொள்வான் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எண்பத்திரண்டு வாரம் ஆகும் என்று மச்சினன் கணக்குப் போட்டுச் சொன்னான். செல்லியம்மாள் ஆட்டுக்குட்டியை விற்கலாமா என்றாள். பொறு என்றேன்.

ஐப்பசி பிறக்கிற சமயத்தில் ஒருநாள் காலை பகலவன் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். எனக்கு நாற்காலியைக் காட்டினார். உட்காராமல் நின்றேன்.

"கம்பெனியிலிருந்து லெட்டர் வந்திருக்கு. படிக்கறேன், கேளுங்க" என்றார். அதுவரை என்னை நீ என்றுதான் சொல்வார்.

அவர்கள் குடோனில் எங்கள் பழைய பெட்டி முப்பத்தெட்டு பிரிக்காமல் இருந்ததாம். எல்லாவற்றையும் திறந்து எண்ணியிருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் ஐம்பத்தொன்று. மற்ற பெட்டிகளிலும் அப்படியே இருந்திருக்கும் என்று ஏற்றுக்கொண்டு நூற்று எழுபத்திரண்டு பின்னுக்கும் பணம் அனுப்புகிறார்கள். மூன்று மாதத்தில் இந்தப் பட்டறைப் பின் ஒன்றுகூடச் சோதனையில் தள்ளுபடி ஆகவில்லை என்றும் ஒரு வரி இருந்தது.

"இன்னொரு வாட்டி படிக்கட்டுமா?" என்றார்.

"படிங்க."

படித்தார். பிறகு பிடித்த நூற்று இருபது ரூபாயை எண்ணி என் கையில் கொடுத்துவிட்டு, பெரிய கணக்குப் புத்தகத்தைத் திறந்து சிவப்பு மையால் தொகையின் குறுக்கே கோடு போட்டார்.

"தீர்ந்துபோச்சு. கைநாட்டு வையுங்க."

மையைத் தொட்ட விரலோடு நின்றேன். நான் எழுத்து கற்றது அதற்குப் பல வருஷம் கழித்து. அன்றைக்கு அந்தப் பக்கத்தில் என் பேர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

"இந்த வரியில இன்னா எழுதிக்கீது, அப்படியே படிங்க" என்றேன்.

அவர் தயங்கினார். "அம்மாசி, பின் களவு, ரூபாய் ஆயிரத்து அறுநூற்று முப்பத்து நான்கு."

"ரூபாய அடிச்சிட்டீங்க. அந்த நடுவுல இருக்கறதயும் அடிச்சிடுங்க."

பகலவன் பேனாவை மறுபடி மையில் தொட்டார். ஒரு கோடு போட்டார், போதவில்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், எழுத்து தெரியாதபடி அதன்மேல் திரும்பத் திரும்ப இழுத்தார். மேலே 'எண்ணிக்கைத் தவறு' என்று சிறிதாக எழுதி, அதையும் எனக்குப் படித்துக் காட்டினார். அதன் பிறகு கட்டைவிரலை வைத்தேன்.