ஆறாவது விரல்

எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து விழுந்தது ஒரே ஒரு முறைதான். கனவில் தினமும் விழுந்துகொண்டிருந்தார். கால் எலும்பு கூடி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஏறலாம் என்று மருத்துவர் சொல்லியாயிற்று. ஆனால் இரவெல்லாம் விழுந்த மனிதருக்குக் காலையில் இரண்டாம் படிக்கு மேல் கால் எழவில்லை. வெள்ளிக்கிழமை நாடக அரங்கின் கூரை விளக்கை மாற்ற வேண்டும், இருபது படி. அன்றும் ஏறாவிட்டால் இனி ஆயுள் முழுதும் தரையில் நின்று செய்கிற வேலைதான் என்று தமக்குள் முடிவுகட்டியிருந்தார்.

மனைவி தூக்கச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸ்.

"கனவுக்குள்ளயே இது கனவுன்னு தெரிஞ்சுட்டா பயம் போயிடும். அதுக்குப் பழகணும், அவ்வளவுதான்," என்றாள்.

பகலில் பத்து முறை ஏதாவதொரு சுவிட்சைப் போட்டு, 'இது நனவா, கனவா?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கனவில் விளக்கு சொன்ன பேச்சைக் கேட்காது. படுக்கும்போது, 'கனவென்று கண்டுகொள்வேன்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும். விழித்ததும் கண்டதை நோட்டில் எழுத வேண்டும்.

அவர் எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். போன வீட்டிலெல்லாம் சுவிட்சைத் தட்டி, அண்ணாந்து பார்த்து, யோசித்தார். குளியலறைக்குள்ளிருந்து ஒரு வாடிக்கையாளர் இருட்டில் போட்ட கூச்சலை, நனவுக்குப் போதிய சான்றாக ஏற்றுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, கண் சிவந்து எழுந்தார்.

"கனவுல சுவிட்சைப் போட்டீங்களா?"

"போட்டேன். எரியல."

"அப்புறம் என்ன! கனவுன்னு தெரிஞ்சிருக்குமே!"

"எரியலன்னா எப்படிம்மா விட்டுட்டு வர்றது? கழட்டிப் பார்த்தேன். ஒயர் தளர்ந்திருந்துச்சு. முறுக்கிட்டு ஏணியில ஏறினேன். விழுந்துட்டேன்."

செவ்வாயன்று ஃபியூஸ் மாற்றியதாகவும், புதனன்று வீடு முழுவதற்கும் புதிதாக ஒயரிங் செய்ததாகவும் நோட்டில் குறிப்பிருந்தது. முடிவில், தவறாமல், விழுந்ததாகவும். மனைவியின் தம்பிதான் தொழிலில் அவருக்குக் கூட்டாளி. அவன் நோட்டை வாங்கிப் படித்தான்.

"மாமா, பகல்ல நீங்க இவ்வளவு வேகமா வேலை செஞ்சு நான் பார்த்ததே இல்லையே!"

"வாயை மூடுடா."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "தப்பு என்னோடது. உங்ககிட்ட போய் சுவிட்சைக் குடுத்தேன் பாருங்க! இனிமே கைவிரலை எண்ணுங்க. கனவுல கூடும், குறையும். அதையாவது ரிப்பேர் பண்ணாம இருங்க."

இரண்டு நாள் எண்ணினார். வெள்ளிக்கிழமை காலை நோட்டில் எழுத்து துள்ளியது. பதினெட்டாம் படியில் கையைப் பார்த்தாராம், ஆறு விரல். 'அட, கனவு!' என்று சிரித்தாராம். ஏணி வழக்கம்போலச் சரிந்தது. அவர் அதனுடன் போகவில்லை. அந்தரத்தில் நின்றபடியே விளக்கை மாட்டினார். கூடுதல் விரல் திருகுவதற்கு வசதியாக இருந்தது என்று பின்குறிப்பும் சேர்த்திருந்தார்.

அரங்கில் மச்சான் ஏணியைப் பிடித்துக்கொண்டான். பதினெட்டாம் படியில் அவர் நின்றுவிட்டார். ஒரு கையை எடுத்து எண்ணினார்.

"எத்தனை மாமா?"

"அஞ்சுதான்டா! கெட்டியா பிடி!"

மீதி இரண்டு படியும் ஏறி, விளக்கை மாட்டினார். கீழே அரங்க மேலாளர் சுவிட்சைப் போட்டார். எரியவில்லை.

அவர் மறுபடியும் விரல்களை எண்ணினார். ஐந்து. வெறும் ஒயர்க் கோளாறு!

"சுவிட்சை அணைங்க சார்," என்று இருபதாம் படியிலிருந்து குரல் கொடுத்துவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே திருப்புளியை எடுத்தார்.