யார் தட்டினாலும்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் செல்பேசியில் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். நம்ம பள்ளிக்கூடத்துக்கு முதலில் துப்பாக்கியோடு வரப்போகிறவன் யார் என்பது கேள்வி. இருபத்து மூன்று பேரில் பத்தொன்பது பேர் வெஸ்லி நோவாக்குக்கு வாக்குப் போட்டார்கள். கோரா ஹால்வர்சனும் போட்டாள். போட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். அவள் கையை யாரும் பிடித்து அழுத்தவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெஸ்லி என்ன தப்புச் செய்தான் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. செத்துப்போன அப்பாவின் கறுப்புக் கோட்டை அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை கழற்றாமல் போட்டுக்கொள்வான். கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வான். அவ்வளவுதான் குற்றம்.

"உள்ள என்னடா ஒளிச்சு வச்சிருக்க? கையத் தூக்கு, பாப்போம்" என்று ட்ரென்ட் தினமும் அவனை வழிமறித்துத் தடவிப் பார்ப்பான். கோட்டுப் பையில் ரொட்டியும் சீஸும் இருக்கும். அதை எடுத்துப் பனியில் எறிவான். "எங்களச் சுடறப்ப என்னை மட்டும் விட்டுருடா, நான் உன் ஃப்ரெண்டு" என்பான். சுற்றி நிற்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இடைவேளையில் கழிவறைக்குப் போனால் கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். அதனால் வெஸ்லி பாடம் நடக்கும்போதுதான் போய் வருவான்.

கோராவும் அவனும் ஒரே தெரு. ஆறாம் வகுப்பு வரை மஞ்சள் பள்ளிப் பேருந்தில் ஒரே இருக்கை. அப்புறம் அவள் பின்னால் போய் உட்கார ஆரம்பித்தாள். அவனோடு உட்கார்ந்தால் தன் பெயரும் கெட்டுவிடும் என்று பயம். அவன் ஏன் என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அமெரிக்காவில், மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் முன்பே ஒளியப் படித்துவிடுவார்கள். பள்ளிக்குள் யாராவது துப்பாக்கியோடு நுழைந்தால் என்ன செய்வது என்று வருடத்துக்கு ஐந்து முறை பயிற்சி. விளக்கை அணை, கதவைப் பூட்டு, மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார், வாயைத் திறக்காதே. யார் தட்டினாலும், தலைமையாசிரியரே வந்து தட்டினாலும், கதவைத் திறக்காதே. கணக்கு வகுப்பில் கதவுக்குப் பக்கத்து மேசை கோராவுடையது. ஆகவே பூட்டுவது அவள் வேலை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. கணக்கு ஆசிரியர் விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதில் வந்திருந்த திருமதி ஊல்சனுக்குப் பிள்ளைகள் ஒருவரையும் தெரியாது. வெஸ்லி எழுந்து அனுமதி கேட்டான். கழிவறைக்குப் போகிறவர்கள் அனுமதிக்கு அடையாளமாக வைத்திருக்கும் மரக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ஐந்து நிமிடம் கூட ஆகியிருக்காது. ஒலிபெருக்கி அலறியது. "இது பயிற்சி அல்ல" என்றது ஒரு குரல். கோரா ஓடிப்போய்ப் பூட்டினாள். விளக்கு அணைந்தது. எல்லோரும் மூலையில் சுருண்டார்கள். கோரா மட்டும் கதவை ஒட்டிய சுவரடியிலேயே உட்கார்ந்துவிட்டாள், கால் நகரவில்லை. தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு வரிசையாக மூன்று.

யாரோ ஓடி வந்து கதவைத் தட்டினார்கள்.

"கோரா! நான்தான், வெஸ்லி. திற."

மூலையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "யாரது? நம்ம வகுப்புப் பையனா?" என்று திருமதி ஊல்சன் கிசுகிசுத்தார்.

"அவன்தான் டீச்சர்! சுடறதே அவன்தான்! திறக்காதீங்க!" என்றான் ட்ரென்ட். அவன் நடிக்கவில்லை. பயத்தில் அவனுக்குப் பல் தந்தியடித்தது. தாங்கள் வெஸ்லியைப் படுத்திய பாட்டுக்கு அவன் வந்து சுடுவதுதான் நியாயம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

கோராவுக்கு வேறொன்றும் தெரிந்திருந்தது. என்றும் கழற்றாத கோட்டை அன்று நாற்காலியில் மாட்டிவிட்டுத்தான் அவன் வெளியே போனான். கையில் அந்த மரக்கட்டை மட்டும்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அவன் இல்ல டீச்சர்" என்றால் போதும்.

"கோரா, நான் இல்ல. சத்தியமா நான் இல்ல. என்கிட்ட ஒண்ணும் இல்ல, பாரு" என்றது கதவுக்கு அந்தப் பக்கத்துக் குரல். மறுபடி தட்டினான். மறுபடியும். காலடிச் சத்தம் நெருங்கியது. அவன் தட்டுவதை நிறுத்தினான். இரண்டு வெடி.

சுட்டவன் பதினொன்றாம் வகுப்பு. கூடைப்பந்து ஆடுகிறவன், பெரியவர்களுக்குக் கதவைப் பிடித்து நிற்கிற நல்ல பிள்ளை. அவனுக்கு ஒருவரும் வாக்குப் போட்டிருக்கவில்லை.

அன்று மாலையே ட்ரென்டிடமிருந்து எல்லோருக்கும் செய்தி வந்தது. "யாரும் தட்டல. நமக்கு ஒண்ணும் கேக்கல. சரியா?" விசாரிக்க வந்த காவலரிடம் கோராவும் அதையேதான் சொன்னாள். திருமதி ஊல்சன் மருத்துவமனையில் படுத்திருந்தார், அதிர்ச்சியில் பேச்சே வரவில்லை. விதியை மீறாமல் இருந்ததால் ஒரு வகுப்பே பிழைத்தது என்று செய்தித்தாள் எழுதியது. தேவாலயத்தில் அவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். கோராவும் எழுந்து நின்றாள்.

சாவு வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுபோவது அங்கே வழக்கம். இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட பாத்திரத்தைக் கோராவின் அம்மா அவள் கையில் கொடுத்தாள். பாத்திரம் திரும்பி வருவதற்காக அடியில் ஹால்வர்சன் என்று எழுதிய நாடா ஒட்டியிருந்தது. "குடுத்துட்டு வந்துரு. அந்தம்மாவப் போட்டு நோண்டாத" என்றாள்.

வெஸ்லியின் அம்மா திருமதி நோவாக்கே கதவைத் திறந்தார். நான்கு நாள் தலை வாரவில்லை. சமையலறை முழுக்க இப்படி மூடி வைத்த பாத்திரங்கள், ஒன்றையும் தொட்ட மாதிரித் தெரியவில்லை.

"உக்காரும்மா. நீயும் அந்த ரூம்லதான இருந்த?"

"ஆமா."

"அவன் விரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சிருந்துச்சு. ஏன்னு யாருக்கும் தெரியல. உங்க யாருக்கும் ஒண்ணும் கேக்கலைன்னு சொல்றாங்க."

கோரா பாத்திரத்தை மேசையில் வைத்தாள். சொன்னால் அந்தத் தாய் முகத்திலேயே விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அவன் தட்டினதே இல்லை என்று ஆகிவிடும். அதுதான் அவளால் தாங்கமுடியவில்லை.

"தட்டினான்" என்றாள். "எங்க கதவத்தான் தட்டினான். என் பேரச் சொல்லிக் கூப்பிட்டான். 'நான் இல்ல, சத்தியமா நான் இல்ல'ன்னு சொன்னான். எனக்குத் தெரியும், அவன் இல்லைன்னு. நான் திறக்கல."

திருமதி நோவாக் அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"யாரு தட்டினாலும் திறக்கக் கூடாதுன்னுதான சொல்லிக் குடுத்திருக்காங்க?"

"ஆமா."

"ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாம சொல்லு. அந்தப் பக்கம் வேற பிள்ளை நின்னு உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா? உன் சிநேகிதி யாராவது?"

விதி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஊரே அதைத்தான் சொல்கிறது. கோரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"திறந்திருப்பேன்" என்றாள்.