பன்னிரண்டு எலிகள்

ஷிபா பையிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்த வழவழப்பான விளம்பரத் தாளில் ஜெபசீலனின் புகைப்படம் இருந்தது. கீழே, ‘தலைமை அறிவியல் ஆலோசகர்’. இரணியலில் அவர் வீட்டைக் கண்டுபிடிக்க அவளுக்குக் காலை முழுவதும் ஆகியிருந்தது. குளச்சல்காரி. கணவன் லிஜின் மூன்று வருடங்களுக்கு முன் விசைப்படகின் மேல்தட்டிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. எறணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, கூட அவன் அண்ணன் இருக்கிறான், நாளைக் காலை ஆபரேஷன் என்றாள். ஸ்டெம் செல்லைக் கூழ் மாதிரி ஏதோ ஒன்றில் கலந்து முறிந்த இடத்தில் வைப்பார்களாம்.

“ஒங்களுக்க போட்டோவப் பாத்துதான் அவரு சம்மதிச்சாரு சார். நம்ம ஊருக்காரரு, தப்பான காரியத்துல நிக்கமாட்டாருன்னு. பயப்படாண்டாம்னு ஒரு வார்த்த சொன்னா நான் மத்தியான வண்டிக்குப் போயிருவேன்.”

மனிதர்களுக்குச் செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்பதே ஜெபசீலனுக்குத் தெரியாது. அந்தக் கூழைத் தயாரிக்கும் நிறுவனத்தை நடத்தும் ஸ்டெனி, கல்லூரியில் அவரிடம் படித்தவன். அவர் ஓய்வு பெற்ற மறுமாதமே வந்து கேட்டான், ஆலோசகராக ஒப்புக்கொண்டார். ஏப்ரலில் ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது குறிப்பேட்டைப் புரட்டினார். பன்னிரண்டு எலிகளுக்கு அந்தக் கூழை வைத்திருந்தார்கள். அறிக்கையில் பத்துதான் இருந்தன. விடுபட்ட இரண்டுக்கும் முதுகில் கட்டி வளர்ந்திருந்தது. அறிக்கைக்கான ஒப்புதலில் கையெழுத்திட மறுத்து, விளக்கம் கேட்டு ஸ்டெனிக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். பதில் இல்லை. அத்தோடு விட்டுவிட்டார். விலகுகிறேன் என்று ஏன் எழுதவில்லை? சபை ஆண்டுவிழாவில் போதகர் அந்தப் பதவியைச் சொல்லித்தான் அவரை மேடைக்கு அழைத்தார். அது அவருக்குப் பிடித்திருந்தது.

ஸ்டெனியை அழைத்தார். மூன்று முறையும் மணி அடித்து ஓய்ந்தது. ஷிபா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும், தன் கடிதங்கள் உட்பட, சொன்னார். அவள் அழவில்லை. லிஜினை ஃபோனில் பிடித்து, நான் சொன்னால் நம்பமாட்டார், நீங்களே சொல்லுங்கள் என்று நீட்டினாள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். மறுமுனையிலிருந்து லிஜின் கேட்டான்:

“மத்த பத்தும் நடந்துச்சா சார்?”

“நாலு பின்னங்கால ஊனிச்சு. நடந்துச்சுன்னு சொல்ல முடியாது.”

“நாலு ஊனிச்சா?” என்றான் லிஜின். பிறகு கேட்டான்: “ஒங்க மவனா இருந்தா செய்ய விடுவீங்களா?”

“விடமாட்டேன்.”

“மூணு வருசம் மலந்து கெடந்தாலும்?”

“நான் நேர்ல வாறேன் மக்கா,” என்றார் ஜெபசீலன். “அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாத.”

“நேத்தே போட்டாச்சே சார்.”

அந்த ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவுக்கு நின்றபடியே மின்னஞ்சல் அனுப்பினார்: ஆய்வில் இரண்டு விலங்குகள் மறைக்கப்பட்டுள்ளன, நாளைய சிகிச்சையை நிறுத்துங்கள், என் பெயரை நீக்குங்கள். இதை ஏப்ரலிலேயே எழுதியிருக்கலாம். சட்டையை மாற்றிக்கொண்டு ஷிபாவோடு ஆட்டோவில் ஏறினார்.

நடைமேடையில் அவள் லிஜினை அழைத்தபடியே இருந்தாள். ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வண்டி வந்தது. முட்டுவலியால் ஜெபசீலனுக்குப் படி எட்டவில்லை. கம்பியைப் பிடித்தபடி தடுமாறினார். முன்னால் ஏறியிருந்த ஷிபா திரும்பி, ஒரு கணம் அவரைப் பார்த்து நின்றுவிட்டு, குனிந்து கையை நீட்டினாள்.