கண்ணாடிக் கூண்டில் டாக்சிக்காரர்

"நிறுத்தும்மா! நிறுத்து!"

நொக்வாண்டா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். இது நான்காவது முறை.

பொத்தானை அழுத்தினால் கண்ணாடிக் கூண்டின் அடிப்பலகை விலகும். உள்ளே நிற்பவர் செங்குத்தான குழாய்க்குள் விழுந்து, ஏழே விநாடியில் கீழே தண்ணீரில் கிடப்பார். அவ்வளவுதான். அதற்கு, உள்ளே நின்ற லுங்கெலோ இருபது நிமிடமாகப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தார்.

டிசம்பர் விடுமுறை. டர்பன் கடற்கரை வெயில் மண்டையைப் பிளந்தது. நீர் விளையாட்டுப் பூங்காவின் சறுக்குக் கோபுரத்தில், நூற்று நாற்பது படிகளிலும் ஈர உடம்போடு ஆட்கள். அவர்களை வரிசையில் நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தாள் கூட வேலை பார்க்கும் செனாமிலே.

"இப்ப என்னண்ணே?" என்றாள் நொக்வாண்டா.

"மூக்குல தண்ணி ஏறுமா?"

"ஏறும்."

"நிறைய ஏறுமா?"

"அண்ணே, குழாயில போறீங்களா, படியில இறங்குறீங்களா? ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலைங்க!"

படியில் எப்படி இறங்குவார்? உம்லாசி புறநகர்த் தடத்தில் ஆட்களை ஏற்றிச் செல்லும் மினிபஸ் டாக்சி ஓட்டுபவர் அவர். கூட ஓட்டும் ஆறு பேர் கீழே தண்ணீரோரம் நின்று அவர் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து அவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று கேலி செய்தவரே அவர்தான்.

"உங்க வண்டியில நான் வந்திருக்கேன்," என்றாள் நொக்வாண்டா. "வளைவுல கூட பிரேக்கைத் தொட மாட்டீங்க. பின்னாடி பதினஞ்சு பேர் அலறுவோம், நீங்க பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவீங்க. அந்த வீரமெல்லாம் எங்க போச்சு?"

வரிசை சிரித்தது.

"அங்க ஸ்டியரிங் என் கையில இருக்கு. இங்க எதைப் பிடிக்கிறது? சரி, நீ இதுல போயிருக்கியா?"

மூன்று வருடமாக அந்தப் பொத்தானை அழுத்துகிறாள். ஒரு முறைகூட உள்ளே நின்றதில்லை.

"இல்ல."

"என்னது!" மஞ்சள் தொப்பி போட்ட பருத்த பெண்மணி முன்னால் வந்தாள். "போகாமலேயா எங்களையெல்லாம் தள்ளிவிடுற? முதல்ல நீ போடி!"

"அவ போகட்டும்! அவ போகட்டும்!" என்று படி முழுக்கச் சத்தம்.

வாக்கி டாக்கியில் மேற்பார்வையாளர் கத்தினார். "மேல என்ன நடக்குது? ஏன் யாரும் இறங்கல?"

நொக்வாண்டா விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப போய்த் தொலை! பட்டனை செனாமிலே அழுத்தட்டும்."

லுங்கெலோ கூண்டைவிட்டு விருட்டென்று வெளியே வந்தார். நொக்வாண்டா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்க் கைகளைக் கட்டினாள். இந்த ஆளைத் திட்ட வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே பலகை விலகிவிட்டது. அவள் விழுந்தாள். இருட்டு, ஒரு வளைவு, முகத்தில் அறைந்த தண்ணீர். கீழே இருமிக்கொண்டே எழுந்தபோது ஓட்டுநர்கள் கைதட்டினார்கள்.

"லுங்கெலோ எங்க?"

மேலே கையைக் காட்டிவிட்டுப் படியேறினாள். பாதிப் படியில், சுவரை ஒட்டிக்கொண்டு இறங்கி வந்தார் லுங்கெலோ.

"என்னண்ணே இது! உங்களுக்காகத்தானே குதிச்சேன்!"

"நீ 'அம்மா'ன்னு அலறினது மேல வரைக்கும் கேட்டுச்சு, தங்கச்சி." குரலைத் தாழ்த்தினார். "எனக்கு நீச்சல் தெரியாது."

"கீழ முழங்கால் அளவுகூடத் தண்ணி இல்ல! இதை முதல்லயே கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா வரிசைக்கே தெரிஞ்சுபோகுமே."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "சரி, இறங்கினதும் இடது பக்கம் திரும்புங்க. துணி மாத்துற அறைக்குப் பின்னாடி போயிட்டா அவங்க கண்ணுல படமாட்டீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கினார்.

மூச்சு வாங்க மேலே வந்து எட்டிப் பார்த்தாள். இடது பக்கம் யாரும் இல்லை. லுங்கெலோ நேராக அந்த ஆறு பேர் முன்னால் போய் நின்று, தண்ணீரைக் காட்டிக் கையை விரித்து ஏதோ சொன்னார். ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஒருவர் அவர் தோளில் கைபோட, எல்லோரும் சாப்பாட்டுக் கடைப் பக்கம் நடந்தார்கள்.

"எப்படி இருந்துச்சு?" மஞ்சள் தொப்பிக்காரி கேட்டாள்.

"படுமோசம். மூளை வரைக்கும் எரியுது. உள்ள போறீங்களா, இல்லையா?"

மஞ்சள் தொப்பிக்காரி கூண்டுக்குள் போனாள்.