கடைசியாகப் போகிறவனுக்கு ஒரே சீட்டு

நிகழ்தகவுத் தேர்வை மூன்றாவது முறையாக எழுதியவர்கள் எங்கள் துறையில் ஆறு பேர். மற்றவர்கள் எல்லாம் அவசரப்பட்டு முதல் முறையிலேயே பாஸ் செய்துவிட்டார்கள். எழுத்துத் தேர்வை எப்படியோ தாண்டிவிட்டோம். மிச்சமிருந்தது வாய்மொழித் தேர்வு.

எனக்கு விஷயம் கொஞ்சம் அவசரம். வேறு ஊரில் ஒரு கம்பெனி வேலை தந்திருந்தது. மாதக் கடைசிக்குள் அரியர் இல்லாத மதிப்பெண் பட்டியலை நீட்டாவிட்டால் அந்த வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். வீட்டில் அக்கா அதற்குள் என் அலமாரியைக் காலி செய்து தன் துணிகளை அடுக்கிவிட்டாள். "நீ ஃபெயிலானா எங்கடா படுப்பே?" என்று அக்கறையாக ஒரு தடவை கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

வாய்மொழித் தேர்வு என்பது ஒரு பழைய பிஸ்கட் டப்பா, அதில் ஆறு சீட்டு. ஒவ்வொன்றிலும் நிகழ்ச்சிகளில் ஒரு வகை எழுதியிருக்கும்: உறுதியான நிகழ்ச்சி, இயலா நிகழ்ச்சி, நிரப்பு நிகழ்ச்சி, சமவாய்ப்பு நிகழ்ச்சிகள், ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள், சார்பிலா நிகழ்ச்சிகள். எடுத்த சீட்டுக்கு விளக்கம் சொல்லி, சொந்தமாக ஓர் எடுத்துக்காட்டும் தரவேண்டும். நாணயம், பகடை, சீட்டுக்கட்டு மூன்றுக்கும் தடை. அந்த மூன்றையும் பிடுங்கிக்கொண்டால் எங்கள் நிகழ்தகவு அறிவில் மிஞ்சுவது பாடப்புத்தகத்தின் அட்டை மட்டும்தான்.

திட்டம் போட்டவன் தியரி. எல்லாவற்றுக்கும் ஒரு தியரி வைத்திருப்பான், பரீட்சைத் தாளில் தவிர.

"ஆறு சீட்டு, ஆறு பேரு. வெளிய வர்றவன் தனக்கு என்ன வந்துச்சுன்னு சொல்லிடணும். கடைசியா போறவனுக்கு ஒரே சீட்டுதான் மிச்சம். அதை மட்டும் படிச்சா போதும், தூங்கிட்டே பாஸ்."

"அப்போ முதல்ல போறவன்?" என்றான் கொட்டாவி. மூன்று வருடமாக வகுப்பில் அவன் வாய் எதற்குத் திறந்ததோ அதுவே பெயராகிவிட்டது.

"அவன் தியாகி. அவனைப் பத்தி இப்ப பேச வேணாம்."

வரிசையை நாங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று அட்டெண்டர் சொல்லியிருந்தார். ஆறு பேருமே திடீரென்று பெருந்தன்மையாகி, "நீ முதல்ல போடா" என்று விட்டுக்கொடுக்க ஆரம்பித்தோம். கடைசியில் பெயர் எழுதிக் குலுக்கினோம். கொட்டாவிக்கு முதலிடம், எனக்குக் கடைசி இடம். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த முதல் சமவாய்ப்புச் சோதனை அது.

கொட்டாவி நாலே நிமிடத்தில் வெளியே வந்தான்.

"சார்பிலா நிகழ்ச்சிகள்."

"என்ன சொன்னே?"

"வணக்கம் சொன்னேன்."

அடுத்தவனுக்கு உறுதியான நிகழ்ச்சி. பிறகு நிரப்பு, பிறகு சமவாய்ப்பு. நான் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கமாக மடித்து மூடிக்கொண்டே வந்தேன். இவ்வளவு நிம்மதியாக நான் படித்ததே இல்லை. ஐந்தாவதாகப் போன தியரி சிரித்துக்கொண்டே வந்தான்.

"இயலா நிகழ்ச்சி. நான் முதல் வகுப்புல பாஸாகுறதுன்னு எடுத்துக்காட்டு குடுத்தேன். மேடம் மறுத்தே பேசல."

எனக்கு மிச்சம், ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். பத்து நிமிடத்தில் கரைத்துக் குடித்தேன். எடுத்துக்காட்டுகூடத் தயார்: அப்பா வீட்டில் இருப்பதும், டிவி ரிமோட் அக்கா கையில் இருப்பதும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததாக எங்கள் வீட்டு வரலாற்றில் இல்லை.

உள்ளே வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மேடம் உட்கார்ந்திருந்தார். அட்டெண்டர் டப்பாவை நீட்டினார். தனியாகக் கிடக்கும் ஒரு சீட்டைத் தேடி என் விரல் உள்ளே போனது. அங்கே ஒரு கூட்டமே இருந்தது.

கையில் வந்ததைப் பிரித்தேன். சார்பிலா நிகழ்ச்சிகள்.

"மேடம், இது ஏற்கனவே போயிடுச்சே" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் வாய் என்ன காரியம் செய்தது என்று எனக்கே புரிந்தது.

"எங்க போச்சு?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். உதவி வரவில்லை.

"ஓ. ஒவ்வொருத்தனும் வெளிய வந்து ஒப்பிச்சிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"ஒவ்வொரு ஆளும் போனப்புறம் அட்டெண்டர் சீட்டைத் திரும்பவும் உள்ள போட்டுத்தான் குலுக்குறார். திரும்ப வெச்சு எடுக்கறது, வெக்காம எடுக்கறதுன்னு மூணு தடவ இந்தப் பாடத்தப் படிச்சிருக்கீங்க. ஆறு பேருல ஒருத்தனுக்குக்கூடச் சந்தேகம் வரலியா?"

"இல்ல மேடம். எல்லாரும் உறுதியா இருந்தோம்."

மதிப்பெண் தாளில் என் பெயருக்கு நேராகப் பேனா போனது. கம்பெனி, மாதக் கடைசி எல்லாம் அந்தப் பேனா முனையில் தொங்கின.

"மேடம், ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் சொல்லட்டுமா? அது ரொம்ப நல்லா தெரியும்."

"அது உன் சீட்டுல இல்லியேப்பா."

பேனா தாளைத் தொட்டது. இனி மறைப்பதற்கும் எதுவும் இல்லை.

"மேடம், முதல்ல போனவன் இதே சீட்டைத்தான் எடுத்தான். அதனால எனக்கு இது வராதுன்னு நெனச்சேன். ஆனா அவன் எடுத்ததுக்கும் நான் எடுத்ததுக்கும் சம்பந்தமே இல்ல. அஞ்சு பேரு எதை எடுத்திருந்தாலும் எனக்கு இது வர ஆறுல ஒரு வாய்ப்புதான். வெளிய நின்னு நான் சேகரிச்ச தகவல் அத்தனையும் குப்பை. இதுதான் சார்பிலா நிகழ்ச்சிகள்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"நாணயம் இல்ல, பகடை இல்ல. சொந்த எடுத்துக்காட்டுதான்" என்றார். "சரி. திரும்பத் திரும்ப உள்ள போட்டும் அஞ்சு பேருக்கு அஞ்சு வேற சீட்டு வந்திருக்கு. அதுக்கு நிகழ்தகவு என்ன? கண்டுபிடிச்சா பாஸ். நாலு மணிக்கு எனக்கு வண்டி."

நாற்பது நிமிடம் ஆனது. முதல் விடை ஒன்றை விடப் பெரிதாக வந்தது. அதைப் பார்த்த மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இரண்டாவது விடையை அட்டெண்டரே உதட்டைப் பிதுக்கி நிராகரித்தார். நான்காவது முறை, ஐம்பத்து நான்கில் ஐந்து.

"ஏறக்குறைய பதினோரு தடவைக்கு ஒரு தடவை" என்றார் மேடம். "வேற நாளா இருந்தா ரெண்டாவது பையன், மூணாவது பையன்லயே உங்க திட்டம் பல்லிளிச்சிருக்கும். உங்க நேரம், இன்னைக்குன்னு பாத்து நடந்திருக்கு."

ஐம்பதுக்கு இருபது போட்டார். பாஸ் மதிப்பெண் இருபது.

"போலாம். வெளிய போய் என்ன வந்துச்சுன்னு சொல்லித்தர அடுத்த ஆள் இல்லியேன்னு வருத்தப்படாத."

வருத்தமாக இல்லை. மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.